ஜெனீவாச் சிறையிலிருந்து ஒரு மனு

நேயர்களுக்கு வணக்கம்.

1553 செப்டம்பரில் ஜெனீவா நகரச் சிறையிலிருந்த ஒரு கைதி நகர மன்றத்துக்கு மனு எழுதினார். பேன்கள் என்னை உயிரோடு தின்கின்றன, கால்சட்டை கிழிந்துவிட்டது, மாற்றிக்கொள்ள ஒரு மோசமான சட்டையைத் தவிர வேறில்லை என்று அதில் முறையிட்டார். குளிர் தொடங்கிய அக்டோபரில் மறுபடியும் எழுதினார்.

அவர் மிகேல் செர்வெட்டஸ், ஸ்பெயின் நாட்டு மருத்துவர். இதயத்தின் வலப்பக்க இரத்தம் நுரையீரல் வழியாக இடப்பக்கம் வருகிறது என்பதை ஐரோப்பாவில் முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தவர். அதே புத்தகத்தில்தான் கடவுள் ஒருவரே மூவராக இருக்கிறார் என்ற திரித்துவக் கோட்பாட்டையும் குழந்தை ஞானஸ்நானத்தையும் மறுத்திருந்தார். பிரான்சில் கத்தோலிக்க விசாரணையாளர்களிடம் சிக்கித் தப்பியவர், கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சீர்திருத்தத் திருச்சபையின் ஜெனீவாவில் பிடிபட்டார். அக்டோபர் 27 அன்று ஷாம்பெல் என்ற மேட்டில் உயிரோடு எரித்தார்கள்.

தீர்ப்பளித்தது நகர மன்றம். ஆனால் குற்றச்சாட்டுகளுக்குப் பின்னால் இருந்தவர் அந்தச் சீர்திருத்தத் திருச்சபையின் முன்னணிப் போதகர் ஜான் கால்வின். செர்வெட்டஸ் இங்கே வந்தால் உயிரோடு திரும்ப விடமாட்டேன் என்று 1546லேயே நண்பர் ஒருவருக்கு எழுதியிருந்தார். எரிப்பதற்குப் பதிலாகத் தலையை வெட்டலாம் என்று கால்வின் கேட்டுக்கொண்டதும் உண்மை. மன்றம் அதற்கு இசையவில்லை.

மதத் துன்புறுத்தலும் கிறிஸ்தவ நற்பண்புகளும் ஒத்துப்போகுமா என்று என்னைப் பேசச் சொன்னார்கள். ஒத்துப்போகாது என்பதே என் பதில். ஆனால் அதைச் சுலபமாகச் சொல்லிவிட்டு நகரக் கூடாது. "அவர்கள் உண்மையான கிறிஸ்தவர்களே அல்ல" என்று நாம் வழக்கமாகத் தட்டிக்கழிக்கிறோம். கால்வின் பக்தியில்லாதவர் என்று யார் சொல்ல முடியும்? துன்புறுத்தியவர்கள் அன்பின் பேராலேயே அதைச் செய்தார்கள். அதுதான் என்னைக் கலங்க வைக்கிறது.

கால்வினுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முன்பு வாழ்ந்த, ஹிப்போ நகரின் ஆயர் அகஸ்டினைப் பாருங்கள். வட ஆப்பிரிக்காவில் திருச்சபையிலிருந்து பிரிந்து நின்ற டொனாட்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவர்களிடம் வாதம் மட்டுமே செய்ய வேண்டும், கட்டாயம் கூடாது என்று முதலில் நினைத்தார். பேரரசின் சட்டங்களுக்குப் பயந்து ஊர் ஊராக மக்கள் திரும்பி வந்ததும், மனதை மாற்றிக்கொண்டார். இயேசு சொன்ன விருந்து உவமையில் வரும் "உள்ளே வரும்படி வருந்திக் கூட்டிக்கொண்டுவா" என்ற வசனம் அவருக்கு ஆதாரமாயிற்று. மரண தண்டனையை அவர் ஏற்கவில்லை, சரி. ஆனால் பிறகு வந்தவர்கள் அவர் நிறுத்திய இடத்தில் நிற்கவில்லை. ஆத்துமாவைக் காப்பாற்றத்தானே உடலைத் தண்டிக்கிறோம் என்ற வாதம் நூற்றாண்டுகளாக ஓடியது.

அந்த வாதத்தை எங்கே வைத்துச் சோதிப்பது? என்னைக் கேட்டால், அந்தச் சிறை அறையில்தான். "வஸ்திரமில்லாதிருந்தேன், எனக்கு வஸ்திரங்கொடுத்தீர்கள், காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்" என்று மத்தேயு 25இல் இருக்கிறது. ஜெனீவாவில் இந்த வசனம் தெரியாத போதகர் இருந்திருப்பாரா? அந்த ஊரிலேயே ஒரு மனிதர் மாற்றுச் சட்டைக்காக மன்றாடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆத்துமாவுக்காகக் கவலைப்பட்டவர்கள் அவருடைய சட்டைக்காக அலட்டிக்கொள்ளவில்லை. இதை அன்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அன்பு யாருக்காக என்று சொல்கிறோமோ, அவருக்கு அது கொஞ்சமாவது அன்பாகத் தெரிய வேண்டாமா?

கால்வினைப் பின்பற்றுகிறவர்களே 1903இல் ஷாம்பெலில் செர்வெட்டஸுக்கு ஒரு நினைவுக்கல் நாட்டினார்கள். நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் கால்வின் செய்தது "அவருடைய நூற்றாண்டின் பிழை" என்று அதில் பொறித்திருக்கிறார்கள். அங்கே நான் உடன்படவில்லை. செபாஸ்டியன் காஸ்டெல்லியோ அதே நூற்றாண்டுக்காரர், ஜெனீவாவிலேயே பள்ளித் தலைவராக இருந்தவர், வேதத்தை மொழிபெயர்த்தவர். செர்வெட்டஸ் எரிக்கப்பட்ட சில மாதங்களிலேயே, புனைபெயரில், இதைக் கண்டித்து நூல் வெளியிட்டார். களைகளையும் கோதுமையையும் அறுப்புவரை சேர்ந்து வளரவிடச் சொன்ன உவமையை அதில் எடுத்துக் காட்டினார். "ஒரு மனிதனைக் கொல்வது கோட்பாட்டைக் காப்பதல்ல, ஒரு மனிதனைக் கொல்வதுதான்" என்று கால்வினுக்கு எழுதிய மறுப்பில் சொன்னார். அந்த மறுப்பு அச்சேறியது 1612இல்தான், அவர் இறந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து. கால்வின் கையில் இருந்த அதே வேதம்தான் அவர் கையிலும் இருந்தது.