கார்ட் வரைக்கும் வந்தவங்க ஏன் வாங்காம போறாங்க?

வணக்கம். சேலை, ஊறுகாய், மசாலாப் பொடின்னு சொந்தமா ஆன்லைன் கடை நடத்துறவங்க நிறைய பேர் இந்தச் சேனல் பாக்குறீங்க. "கார்ட்ல போடுறாங்க, ஆர்டர் மட்டும் விழ மாட்டேங்குது, விளம்பரத்துக்கு இன்னும் காசு போடலாமா?"ன்னு கேக்குறீங்க. இப்போதைக்குப் போடாதீங்க. முதல்ல உங்க செக்அவுட் பக்கத்தை, அதாவது முகவரி போட்டுப் பணம் கட்டுற பக்கத்தைப் பாப்போம்.

டென்மார்க்ல பேமார்ட்னு ஒரு ஆய்வு நிறுவனம் இருக்கு. பல ஆய்வுகளைச் சேர்த்து அவங்க போட்ட சராசரிப்படி, கார்ட்ல பொருள் போடுற 10 பேர்ல சுமார் 7 பேர் வாங்காமலே போயிடுறாங்க. சும்மா பாக்க வந்தவங்களும் இதுல உண்டு, அவங்களை விட்டுடுங்க. மத்தவங்க ஏன் போனாங்கன்னு அமெரிக்காவுல கேட்டப்ப, முதல் காரணமா வந்தது கடைசி நேரத்துல ஏறுற கூடுதல் செலவு.

நம்ம ஊர்லயும் அதேதான். ஸ்கிரீன்ல ஒரு உதாரணக் கடையைப் பாருங்க. சேலை 1,450 ரூபாய். பேர், முகவரி, போன் நம்பர் எல்லாம் போட்டாச்சு. இப்பதான் டெலிவரி 120 ரூபாய்னு வருது. பையில போட்டுக் கையில குடுத்தப்புறம் கடைக்காரர் விலையை ஏத்தின மாதிரி இருக்கா இல்லையா? 120 ரூபாயைக் கூட மன்னிச்சிடுவாங்க, மறைச்சதை மன்னிக்க மாட்டாங்க. சேலை விலைக்குக் கீழயே ஒரு பின்கோடு பெட்டி வைங்க. டெலிவரி எவ்வளவு, எந்தத் தேதிக்குள்ள வரும், ரெண்டும் அங்கயே தெரியணும்.

இதுக்குச் சட்டமும் இருக்கு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர்ல 13 டார்க் பேட்டர்ன்களை, அதாவது வாங்குறவங்களை ஏமாத்துற டிசைன் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணிச்சு. விலையோட ஒரு பகுதியை மறைச்சு வச்சுக் கடைசியில காட்டுறது அதுல ஒண்ணு. கேக்காமலே நன்கொடையோ இன்ஷூரன்ஸோ கார்ட்ல சேர்க்குறது இன்னொண்ணு. முன்னாடியே டிக் போட்டு வச்ச பெட்டி ஏதாவது இருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க.

அக்கவுன்ட் தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீங்க. ஒரு பெரிய ஆன்லைன் கடையில ரெஜிஸ்டர் பட்டனை எடுத்துட்டு, கன்டினியூன்னு ஒரு பட்டனும் 'வாங்குறதுக்கு அக்கவுன்ட் தேவையில்லை'ன்னு ஒரு வரியும் வச்சாங்க. வாங்கி முடிச்சவங்க 45 சதவீதம் கூடினாங்கன்னு வெப்சைட் வடிவமைப்பு நிபுணர் ஜாரெட் ஸ்பூல் 2009ல எழுதினாரு.

அடுத்தது ஃபார்ம். வெளிநாட்டு டெம்ப்ளேட்டை அப்படியே போட்டா, லாஸ்ட் நேம் கட்டாயம்னு நிக்கும். நம்மள்ல பாதிப் பேருக்கு ஏது லாஸ்ட் நேம்? இனிஷியல் போட்டா, ரெண்டு எழுத்தாவது வேணும்னு சிவப்புல எழுதுது. தன் பேரையே தப்புன்னு சொல்ற கடையில யாருக்கு வாங்கத் தோணும்? பேருக்கு ஒரே பெட்டி போதும். முகவரியில பின்கோடை முதல்ல கேளுங்க. ஆறு இலக்கம் போட்டதும் மாவட்டமும் மாநிலமும் தானா வரட்டும், தப்பா வந்தா மாத்துறதுக்கும் வழி இருக்கணும். "மாரியம்மன் கோயில் எதிர் சந்து"ன்னு எழுத லேண்ட்மார்க் பெட்டி கண்டிப்பா வைங்க, டெலிவரி பண்ற தம்பி அதைப் பார்த்துதான் வீட்டைக் கண்டுபிடிப்பாரு. பின்கோடுக்கும் போன் நம்பருக்கும் நம்பர் கீபோர்ட் மட்டும் திறக்கணும்.

இப்ப பணம் கட்டுற இடம். இங்கதான் எனக்கு ரொம்ப ஆதங்கம். வாடிக்கையாளர் போன்ல இருக்காங்க, நீங்க அதே போன்ல க்யூஆர் கோடைக் காட்டுறீங்க. எதை வச்சு ஸ்கேன் பண்ணுவாங்க? ஸ்கிரீன்ஷாட் எடுத்து, யுபிஐ ஆப்பைத் திறந்து, கேலரியில தேடி... பாதியிலயே விட்டுடுவாங்க. க்யூஆர் கம்ப்யூட்டர்ல வாங்குறவங்களுக்கு. போன்ல யுபிஐ இன்டென்ட் வைங்க. அவங்க ஆப் நேரா திறக்கும், தொகை நிரம்பியிருக்கும், பின் நம்பர் போட்டா முடிஞ்சுது.

அதுக்கப்புறம் நடக்கறதை யாருமே சோதிச்சுப் பாக்குறதில்லை. பணம் கட்டினவங்க பிரவுசருக்குத் திரும்பாமலே போகலாம், இல்ல சிக்னல் போயிடலாம். காசு போயிடுச்சு, உங்ககிட்ட ஆர்டர் இல்ல. உங்களுக்காகப் பணத்தை வாங்கித் தர்ற பேமென்ட் கேட்வே, உங்க சர்வருக்கு நேரடியா தகவல் சொல்ற வெப்ஹுக் வசதியை இயக்கி வைங்க. வாடிக்கையாளர் திரும்பி வந்தாலும் வராட்டியும் ஆர்டர் பதிவாகும்.

பேமென்ட் உண்மையிலேயே தோத்துப்போனா? 'பேமென்ட் ஃபெயில்ட்'னு ரெண்டே வார்த்தை காட்டிட்டு கார்ட்டையும் காலி பண்ணிடாதீங்க. அந்த நேரத்துல அவங்களுக்கு இருக்கறது பயம். காசு போச்சா, இருக்கா? பதிலை அங்கயே தமிழ்ல எழுதுங்க. ரிசர்வ் வங்கியோட 2019 விதிப்படி, கடைக்கு யுபிஐல கட்டின பணம் கணக்குல கழிஞ்சும் கடைக்கு உறுதி வரலைன்னா, அஞ்சு நாளுக்குள்ள தானா திரும்பணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இதோட ஆர்டர் நம்பர், உங்க வாட்ஸ்அப் நம்பர், 'மறுபடி முயற்சி பண்ணுங்க' பட்டன். இவ்வளவும் இருந்தா அவங்க திரும்பி வருவாங்க.

கேஷ் ஆன் டெலிவரி குடுக்குறதா வேண்டாமான்னு பெரிய வாதம் இருக்கு, அதுக்குத் தனி வீடியோ போடுறேன். குடுக்குறதா இருந்தா அதுக்கான கட்டணத்தையும் முன்கூட்டியே சொல்லிடுங்க, அது போதும்.

இன்னைக்கு ராத்திரி வைஃபையை அணைச்சுட்டு, மொபைல் டேட்டாவுல, லாகின் பண்ணாம உங்க கடையிலயே ஒரு பொருள் வாங்கிப் பாருங்க. யுபிஐ ஆப் திறந்ததும் வேணும்னே கேன்சல் பண்ணுங்க. அப்ப உங்க கடை என்ன சொல்லுதுன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்க. அடுத்த வீடியோவுல அந்தப் பக்கங்களை எடுத்து ஒண்ணொண்ணா சரி பண்ணுவோம்.