அரக்கனைப் பெரிதாக்க வேண்டாம், மாற்றுங்கள்

(தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கோயில் மண்டபத்தில், தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் முன்னால் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லாருக்கும் வணக்கம். பின்வரிசைத் தம்பிகள் முன்னால் வந்து உட்காருங்கள், இது உங்களுக்கான பேச்சு: கதையோ விளையாட்டோ நடத்தும்போது அதில் வரும் ஆபத்து அலுத்துப்போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? பெற்றோர்கள் டீ ஆறும்வரை பொறுத்துக்கொண்டால் போதும்.

நான் சொதப்பிய கதையிலிருந்தே தொடங்குகிறேன். மின்வெட்டு மும்முரமாக இருந்த காலம். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சார்ஜ் விளக்கை நடுவில் வைத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தினேன். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த விளையாட்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு "நான் இப்படிச் செய்கிறேன்" என்பார்கள், பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

முதல் ஞாயிறு ஒரு டிராகன் வந்தது. பிள்ளைகள் நாற்காலியில் ஏறி நின்று கத்தினார்கள். அடுத்த முறை அதைவிடப் பெரிய டிராகன். அதற்கடுத்து இரண்டு தலை. அன்றைக்கு ஒரு பையன் ஒரு கையில் சில்லி பைட்ஸ், மறுகையில் போன். தலை நிமிரவே இல்லை. "எப்படியும் செத்துடும் அங்கிள், அடுத்தது எவ்வளவு பெரிசு?" என்றான்.

சுருக்கென்று இருந்தது, ஆனால் அவன் சொன்னது சரி. டிராகனின் பலம் ஏற ஏற அவர்களின் லெவலும், அதாவது வேடத்தின் பலமும், ஏறுகிறது. எண்கள்தான் வேறு, சண்டை அதே சண்டை.

நம் கூத்துக்காரர்கள் இதில் மாட்டிக்கொள்ளவில்லை. இங்கே நாம் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்கிறோமே, அந்தத் தெருக்கூத்தைத்தான் சொல்கிறேன். 1860இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை இங்கே கொண்டுவந்து இறக்கியது. அந்தக் காலத்தில் வந்தவர்களோடு வந்த கலை அது. இரவு முழுக்க ஆட வேண்டும், பாயில் உட்கார்ந்திருக்கும் ஆயா தூங்கிவிடக் கூடாது. பாரதக் கதையில் அதற்கு என்ன வழி இருக்கிறது பாருங்கள். அரக்கு மாளிகையில் ஆபத்து நெருப்பு. சூதாட்டத்தில் ஆபத்து மானம். வனவாசத்தில் காடு. பதின்மூன்றாம் வருஷம் வந்ததும் ஆட்டமே மாறிவிடுகிறது. அர்ச்சுனனிடம் காண்டீபம் இருக்கிறது, ஆனால் எடுக்க முடியாது. எடுத்தால் யாரென்று தெரிந்துவிடும், தெரிந்தால் மறுபடியும் பன்னிரண்டு வருஷம் காடு. விராடன் அரண்மனையில் அவன் பெண்களுக்கு நடனம் சொல்லித்தருகிறான், வீமன் அடுப்படியில் நிற்கிறான். இத்தனை நாள் எது பலமோ அதுவே இப்போது காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று கவனியுங்கள். கீசகன் திரௌபதியைத் தொந்தரவு செய்கிறான், வீமன் அவனைக் கொல்கிறான். சரி, தீர்ந்தது என்று மூச்சு விடலாமா? கீசகனைக் கொல்ல யாரால் முடியும் என்று துரியோதனனுக்குச் சந்தேகம் தட்டுகிறது. பழைய ஆபத்தைத் தீர்த்த கையே புதிய ஆபத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது. மேலேயிருந்து கதைசொல்லி எதையும் கொண்டுவந்து போடவில்லை. ஆடுகிறவன் செய்த காரியத்திலிருந்து முளைத்தது, அதனால்தான் அவனால் "எனக்கென்ன" என்று உட்கார முடியாது.

கம்ப்யூட்டர் விளையாட்டில் இதை அழகாகச் செய்தது 1997இல் வந்த ஃபால்அவுட். அணுகுண்டுப் போருக்குப் பிறகு, பூமிக்கடியில் ஒரு பதுங்குமிடம். தண்ணீர் சுத்திகரிக்கும் சில்லு கெட்டுவிட்டது, 150 நாளுக்குள் வேறு ஒன்று கொண்டுவர வேண்டும். ஆகவே முதல் பகைவன் காலண்டர். அவகாசம் போதாதென்றால் வியாபாரிகளிடம் காசு கொடுத்து வீட்டுக்குத் தண்ணீர் அனுப்பலாம், 100 நாள் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் வண்டிகளின் வழியே உருமாறிகள், அதாவது மனித உரு மாறிப்போன பகைவர்கள், உங்கள் இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். சில்லைக் கொண்டுவந்து கொடுத்தால், அடுத்து அந்த உருமாறிகள் வேலை. அதையும் முடித்துத் திரும்பினால் சொந்தப் பதுங்குமிடத்தின் தலைவரே உங்களைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறார். தாகத்தில் தொடங்கி வாசற்படியில் முடிகிறது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ஆபத்தை மாற்றச் சொன்னேனே தவிர, மூச்சுவிடாமல் மாற்றச் சொல்லவில்லை. அது எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டாம். 2020இல் கொரோனா, 2021 ஜூலையில் கலவரம், 2022 ஏப்ரலில் வெள்ளம். அப்போது யாருக்கும் உற்சாகம் பிறக்கவில்லை, அடுத்த நாளைத் தள்ளினால் போதும் என்றிருந்தது. விளையாட்டிலும் நடுவே ஒரு திருவிழா, ஒரு கல்யாணச் சாப்பாடு வேண்டும். எதைக் காப்பாற்றுகிறோம் என்று அப்போதுதான் தெரியும்.

என் மேசைக்கு வருகிறேன். நாலாவது டிராகனை நான் கொண்டுவரவில்லை. செத்த டிராகன் காவல் காத்த தங்கத்தைப் பிள்ளைகள் மூட்டை கட்டி ஊருக்குள் கொண்டுவந்திருந்தார்கள் அல்லவா? ஊரில் தங்கம் பெருகியதும் விலைவாசி ஏறிவிட்டது. ரொட்டி ஒரு வெள்ளிக்காசு இருந்தது, ஏழு ஆனது. முதல் வாரம் இவர்களுக்குச் சும்மா ரொட்டி கொடுத்த கடைக்காரம்மா, "உங்க தங்கத்தால என் அடுப்பு அணைஞ்சுபோச்சு" என்று வாசலில் நின்று பேசினாள். வாளை உருவி என்ன செய்வது? அந்தப் பையன் போனைக் கவிழ்த்து வைத்தான். "அவங்களுக்கு எவ்வளவு கடன் அங்கிள்?"

ஜான் ஹார்ப்பரின் ப்ளேட்ஸ் இன் த டார்க் விளையாட்டில் ஒரு உத்தி உண்டு. தாளில் ஒரு வட்டம் போட்டு நாலாகவோ ஆறாகவோ எட்டாகவோ பிரித்து, ஆபத்து நெருங்க நெருங்க ஒவ்வொரு துண்டாகத் தீட்டுவது. அதைக் கடன் வாங்கினேன். ஒரு வட்டம் கடைக்காரம்மாவின் கடனுக்கு, இன்னொன்று தங்கத்தை மோப்பம் பிடித்து வரும் வரிவசூல்காரனுக்கு. இரண்டும் எல்லார் கண்ணிலும் படும்படி மேசையிலேயே இருக்கும். ஒளித்துவைத்தால் திடுக்கிடுவார்கள், அவ்வளவுதான். தெரியவைத்தால் எதை முதலில் பார்ப்பது என்று தங்களுக்குள் சண்டை போடுவார்கள். நமக்கு வேண்டியது அந்தச் சண்டைதான்.

கடன் வட்டத்தில் இன்னும் ஒரே ஒரு துண்டு பாக்கி. அடுத்த ஞாயிறு அது நிரம்பப்போகிறது. அந்தப் பையன் இதோ இரண்டாம் வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அதனால் இதற்குமேல் நான் வாயைத் திறக்க மாட்டேன்.