வழக்கத்தின்படியே ஒலிவமலைக்கு

நடுவர் அவர்களே, சேகரத்துக் குருவானவர் ஐயர் அவர்களே, உபதேசியார் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணாச்சி, டீச்சரம்மா, பந்தலில் இடம் போதாமல் கோயில் திண்ணையிலும் வேப்பமரத்தடியிலும் உட்கார்ந்திருக்கும் ஊர்மக்களே, எல்லோருக்கும் என் ஸ்தோத்திரம். நாளைய அசனமாகிய சபை விருந்துக்காகப் பின்னால் உட்கார்ந்து காய் வெட்டிக்கொண்டே இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிற அக்காமாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"கிறிஸ்தவ வாழ்வைத் தாங்கி நிற்பது எழுப்புதலின் அனலா, அன்றாட ஒழுக்கத்தின் அமைதியா?" என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். எழுப்புதல் என்றால் சபையே பக்தியில் அனல்கொண்டு எழும்புவது. அன்றாட ஒழுக்கமே என்ற அணியில் நின்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி மூன்று நெருப்பைக் காட்டிவிட்டுப் போனார்கள். எலியா தீர்க்கதரிசி ஜெபித்தபோது கர்மேல் மலையில் இறங்கிய நெருப்பு. பெந்தெகொஸ்தே நாளில் பரிசுத்த ஆவி இறங்கியபோது சீஷர்கள்மேல் அமர்ந்த நெருப்பு. 1860இல் நம்ம திருநெல்வேலிச் சீமையில் ஊழியர் அருளப்பன் ஐயாவின் சபைகளில் பற்றிய எழுப்புதல் நெருப்பு. மூன்றும் உண்மை. மூன்றுக்காகவும் நான் கர்த்தரைத் துதிக்கிறேன். அந்த நெருப்பு விழுந்ததற்கு முந்தின நாளும் மறுநாளும் எப்படி இருந்தன என்று மட்டும் பார்ப்போம்.

கர்மேலில் ஜனங்களெல்லாம் "கர்த்தரே தெய்வம்" என்று முகங்குப்புற விழுந்தார்கள். அண்ணாச்சி அந்த அதிகாரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த அதிகாரத்தில் யேசபேல் ராணி ஒரே ஒரு ஆளை அனுப்பி மிரட்டுகிறாள். வானத்திலிருந்து நெருப்பை இறக்கின மனுஷன் பெயெர்செபா வரைக்கும் ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாகவேண்டும் என்று கேட்கிறார். கர்த்தர் அவருக்கு இன்னொரு நெருப்பைக் காட்டவில்லை. தூங்க வைத்தார். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு, பிறகு நாற்பது நாள் நடை. ஓரேப் மலையில் பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்து போன பிறகு மெல்லிய சத்தத்தில் பேசி, "இன்னாரை அபிஷேகம்பண்ணு, போ" என்று வேலையைக் கையில் கொடுத்தார்.

அருளப்பன் ஐயா காரியமும் அப்படித்தான். 1860ஐப் பேசுகிற நாம், அதற்கு முன்னால் அவர் சம்பளம் என்று ஒன்றை எதிர்பாராமல் கிராமம் கிராமமாக நடந்த வருஷங்களைப் பேசுவதில்லை. அந்த வருஷங்களில் யாரும் பந்தல் போடவில்லை.

நடுவர் அவர்களே, பெந்தெகொஸ்தேக்கு வருகிறேன். இங்கேதான் என் வழக்கு இருக்கிறது. கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெந்தெகொஸ்தே என்றால் அன்றைக்கு எழுந்து பிரசங்கித்த சீஷர் பேதுரு. பேதுரு என்றால், அதற்கு ஏழு வாரத்துக்கு முந்தின ஒரு வியாழக்கிழமை ராத்திரி.

அன்றைக்கு ஆண்டவரோடு பந்தி முடிந்து எழுந்த பேதுருவிடம் அனலுக்கா குறைவு? "உமதுநிமித்தம் எல்லாரும் இடறலடைந்தாலும், நான் ஒருக்காலும் இடறலடையேன்" என்று சொன்னவர் அவர். நடிப்பு இல்லை, மனசாரச் சொன்னார். அதே ராத்திரி ஆண்டவர் எங்கே போனார்? லூக்கா எழுதுகிறார்: "வழக்கத்தின்படியே ஒலிவமலைக்குப் போனார்." யோவான் இன்னும் ஒரு விவரம் தருகிறார். இயேசு தம்முடைய சீஷர்களோடு அடிக்கடி அங்கே போவதால், காட்டிக்கொடுக்கிற யூதாசுக்கும் அந்த இடம் தெரிந்திருந்ததாம். அதாவது சிலுவைக்கு முந்தின ராத்திரிக்கென்று அவர் புதிதாக ஒரு ஜெப இடம் தேடவில்லை. சாதாரண ராத்திரிகளில் போன அதே தோட்டம், முழங்கால் படிந்து பழகின அதே மண். சத்துருவுக்கும் தெரிகிற அளவுக்கு நிலையான வழக்கம். பிடிபடுவோம் என்று தெரிந்தும் அவர் இடத்தை மாற்றவில்லை.

அந்த மண்ணில்தான் அவருடைய வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாக விழுந்தது. "என் சித்தத்தின்படியல்ல" என்ற ஜெபம் அங்கேதான் பிறந்தது. கல்லெறி தூரத்தில் பேதுரு தூங்கிக்கொண்டிருந்தார். "ஒரு மணிநேரமாவது விழித்திருக்கக் கூடாதா?" என்று ஆண்டவர் வந்து கேட்கிறார். உயிரைக் கேட்கவில்லை, ஒரு மணி நேரம். உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவரால் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க முடியவில்லை. விடியுமுன்னே ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு முன்னால் ஆண்டவரை அறியேன் என்று மறுதலித்தார். பேதுருவின் அன்பில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. அந்த அன்புக்குக் கால் ஊன்ற ஒரு வழக்கம் இன்னும் உண்டாகவில்லை, அவ்வளவுதான்.

சரி, பெந்தெகொஸ்தேக்குப் பிறகு பேதுரு என்ன செய்தார்? அப்போஸ்தலர் 3ஆம் அதிகாரம், முதல் வசனம். ஜெபவேளையாகிய ஒன்பதாம்மணி நேரத்திலே பேதுருவும் யோவானும் தேவாலயத்துக்குப் போனார்கள். மூவாயிரம் பேர் சபையில் சேர்க்கப்பட்ட பிறகும் மத்தியானம் மூன்று மணி ஜெபத்துக்கு நேரம் பார்த்துப் போகிறார் ஐயா! அன்றைக்கு ஒரு மணி நேரம் விழித்திருக்க முடியாதவரேதான் இவர். அலங்காரவாசலில் சப்பாணி எழுந்து நடந்தது அப்படி வழக்கமான ஜெபத்துக்குப் போகிற வழியில். பரிசுத்த ஆவியின் அக்கினி பேதுருவுக்குள் ஒரு நேர ஒழுங்கைக் கொண்டுவந்திருக்கிறது. எதிரணியார் காட்டின அதே நெருப்பு எங்கள் பக்கம் சாட்சி சொல்கிறது என்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தேரிக்காட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க நான் தூரம் போக வேண்டியதில்லை. என் தாத்தா பனையேறி. பனை ஏறத் தெரியாத தலைமுறை வந்துவிட்டதால் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பனையின் பூங்குலையாகிய பாளை வந்ததும் பதநீர் வந்துவிடாது. பாளையை இடுக்கிப் பக்குவப்படுத்த வேண்டும். பிறகு பாளை அரிவாளால் நுனியைச் சீவ வேண்டும், பூண்டுத் தோல் கனத்துக்கு. ஆழமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து, சொட்டுவது நின்றுபோகும். காலையிலும் சாயங்காலமும் ஏறியாக வேண்டும். ஒரு ஆள் 30, 40 பனை ஏறுவார். தளைநார் காலில், அரிவாள்பெட்டி இடுப்பில். மேலே அவர் சீவுகிற அந்தச் சீவலைக் கீழே நிற்கிறவன் பார்க்கக்கூட முடியாது. ஞாயிற்றுக்கிழமையும் இருட்டோடு ஏறி இறங்கிக் குளித்துவிட்டு, கோயிலில் இரண்டாம் மணி அடிக்கும்போது தாத்தா அங்கே பாயில் உட்கார்ந்திருப்பார். "இன்னைக்கு ஒருநா விட்டா என்ன தாத்தா?" என்று கேட்டதற்கு, "ஏட்டி, மரம் கோவிச்சுக்காது. பாளை காஞ்சிரும், அம்புட்டுதான்" என்றார்.

கூட்டத்துக்குப் போய்விட்டு வருகிற நம்ம வாலிபப் பிள்ளைகளை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம். கடைசி ராத்திரி கண்ணீரோடு முன்னால் போய் நிற்கிறான். அது மெய்யான கண்ணீர். முதல் வாரம் விடியற்காலை எழும்புகிறான். இரண்டாம் வாரம் ஒருநாள் தவறுகிறது. மூன்றாம் வாரம் வேதப்புத்தகம் மேசையில் அப்படியே இருக்கிறது. அப்போது அவன் மனசில் என்ன தோன்றுகிறது? "அன்றைக்கு இருந்த உணர்வு இப்போ இல்லையே, ஆண்டவர் என்னை விட்டுப் போய்விட்டாரோ" என்று தோன்றுகிறது. அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறான். நடுவர் அவர்களே, இது என்னை உறுத்துகிற காரியம். ஆண்டவர் எங்கேயும் போகவில்லை. உணர்வு இல்லாத நாளிலும் ஒரு சங்கீதம் வாசிக்கலாம், அதுவும் ஜெபம்தான் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரிய தீர்மானங்களை எடுக்கச் சொல்கிறோம், சின்னதாக ஒன்றை விடாமல் செய்யச் சொல்லிக்கொடுப்பதில்லை.

நம்ம சபைகளின் சரித்திரத்தைப் பாருங்கள். மிஷனரி கால்டுவெல் ஐயர் சென்னையிலிருந்து நடந்தே வந்து 1841இல் இடையன்குடி சேர்ந்தார். கோயிலுக்கு 1847இல் அஸ்திவாரம் போட்டார்கள். பிரதிஷ்டை எப்போது? 1880இல். 33 வருஷம். நடுவில் தாது வருஷப் பஞ்சம் வந்து இந்தச் சீமையையே உலுக்கியது. அந்த வருஷங்களுக்கு உள்ளேதான் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. அவருடைய மனைவி எலிசா அம்மாள் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அஸ்திவாரத்தன்று பிறந்த பிள்ளை, பிரதிஷ்டையன்று தன் பிள்ளையைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும். 33 வருஷம் ஒரு வேலையை விடாமல் பிடித்திருக்க எந்தக் கூட்டத்தின் அனல் போதும்?

டோனாவூருக்கு வாருங்கள். மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901இல் அங்கே வந்தார். ஆபத்திலிருந்த பெண்குழந்தைகளுக்குத் தாயானார். நாம் மேடையில் சொல்லிச் சிலிர்ப்பது அந்தக் கதைகளை. ஆனால் 1931இல் அவர் விழுந்து அடிபட்டார். அதன்பிறகு 1951இல் கண்மூடும்வரை, ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் ஒரே அறை, ஒரே கட்டில். ஓடியாடிக் குழந்தைகளை மீட்ட அம்மாவுக்கு இனி ஓட முடியாது. வலியில் தூக்கமில்லாத ராத்திரிகள். அந்த அறையிலிருந்து புத்தகங்கள் எழுதினார், கடிதம் எழுதினார், பிள்ளைகளுக்காகப் பேர் சொல்லி ஜெபித்தார். வீரச்செயல் எதுவும் செய்ய வழியில்லாத 20 வருஷத்தைத் தாங்கினது எது என்று எதிரணியார் யோசித்துப் பதில் சொல்லட்டும்.

பிடி அரிசியை இந்த ஊர்ப் பெண்களுக்கு முன்னால் சொல்லாமல் போக முடியாது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி ஊழியத்துக்கென்று தனிப்பானையில். வீட்டில் அரிசி நிறைய இருந்த நாளிலும் ஒரு பிடி, மறுநாளைக்கு இல்லாத நாளிலும் ஒரு பிடி. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்படக் காரணமாயிருந்து, பிறகு தெலுங்கு தேசத்து டோர்னக்கலுக்குப் போய், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அப்படிப்பட்டவர்களை அனுப்பிய சபை, அடுப்படியில் இப்படி எடுத்துவைக்கப் பழகின சபை.

டீச்சரம்மா ஒரு கேள்வி கேட்டார்கள். நல்ல கேள்வி. "ஒழுக்கம், ஒழுக்கம் என்று போனால் கிருபைக்கு எங்கே இடம்? பரிசேயனும் ஒழுக்கமாகத்தானே இருந்தான்?" ஆமாம், ஆண்டவர் சொன்ன உவமையில் வருகிற, நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட அந்தப் பரிசேயன் அப்படித்தான் இருந்தான். வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்தான், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுத்தான். அவனிடம் ஆண்டவர் கண்ட குற்றம் உபவாசமா? இல்லை, தன்னை நீதிமான் என்று நம்பி மற்றவர்களை அற்பமாக எண்ணினது. மலைப்பிரசங்கத்திலும், மனுஷர் காணவேண்டுமென்று செய்யாதபடிக்கு, உபவாசிக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவச் சொன்னார். ஜெபிக்கும்போது அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டச் சொன்னார். ஜெபத்தையும் உபவாசத்தையும் விட்டுவிடச் சொல்லவில்லை. கதவைத்தான் பூட்டச் சொன்னார். எங்கள் தலைப்பில் "அமைதி" இருப்பது அதற்காகத்தான். கிருபைக்கு இடம் எங்கே என்றால், தீத்துவுக்கு எழுதின நிருபத்தைப் பாருங்கள் டீச்சரம்மா. அங்கே கிருபைதான் நமக்கு வாத்தியார். தெளிந்த புத்தியோடும் நீதியோடும் வாழ அதுதான் நமக்குப் போதிக்கிறது என்கிறார் பவுல். பாடம் நடத்துகிற கிருபை ஒரு நாளில் பாடத்தை முடித்துவிடாது என்பது பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நடுவர் மணி அடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று. நம்ம ஊர்களில் சாயங்கால ஜெபத்துக்கு மணி அடிக்கிற வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. நாளைக்கு அசனத்துக்கு ஊர்கொள்ளாத ஜனம் வரும்; வரட்டும், சந்தோஷம். நாளை மறுநாள் சாயங்காலம் அந்த மணிக்கு உபதேசியாரும் நாலு வயசானவர்களும் மட்டும் பாமாலைப் பாட்டுப்புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்திருப்பார்கள். எதிரணி அண்ணாச்சியும் என்னோடு அங்கே வரவேண்டும், வாலிபப் பிள்ளைகள் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பை எங்கள் அணிக்கே தரும்படி நடுவரை வேண்டி அமர்கிறேன். நன்றி.