பொன்னாடையை என்ன செய்வது?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் சொல்வல்லவர்களுக்கும், தொலைக்காட்சியில் ஓடும் பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இந்தத் தெருமுனைக்கு வந்திருக்கும் தண்டையார்பேட்டைப் பெருமக்களுக்கும் வணக்கம்.

நான் மேடைப் பேச்சாளர் அல்ல. பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே புடவைக்கு ஓரம் அடித்து, ஃபால்ஸ் வைத்து, முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுக்கிறவள். "வீட்டுக் கைவேலையும் வீட்டுப் பலகாரமும் இன்றைக்குச் சிக்கனமா, வீண் சிரமமா?" என்று தலைப்பு வைத்தவர்கள், சிக்கனம் என்று பேசுவதற்கு ஆள் தேடியிருக்கிறார்கள். கேட்ட இடத்திலெல்லாம் என் வீட்டு வாசலைக் காட்டியிருக்கிறார்கள். அது பாராட்டா, கஞ்சத்தனத்துக்குக் கிடைத்த பெயரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மேடை ஏறியவுடன் எங்கள் ஆறு பேருக்கும் நடுவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். மற்றவர்கள் கும்பிட்டார்கள். நான் கும்பிட்டுக்கொண்டே துணியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். பிசிறு அடிக்கிறது. தொழில் புத்தி, மன்னிக்க வேண்டும். அந்தப் பொன்னாடை விவகாரத்துக்குப் பிறகு வருகிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய அண்ணன் முறுக்குக்குக் கணக்குப் போட்டார். அரிசியைக் களைந்து உலர்த்த வேண்டும், மாவு மில்லில் வரிசையில் நிற்க வேண்டும், உளுந்தை வறுக்க வேண்டும், எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் அழ வேண்டும், சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். கடைக்குப் போனால் கால் மணி நேரத்தில் அதே முறுக்கு என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில், அரிசி முதல் எண்ணெய் வரை அத்தனையையும் புதிதாக வாங்கி, அரைக்கிலோ முறுக்குச் சுட்டால் பத்துப் பைசா மிஞ்சாது. ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணன் போட்டது ஒரு வீட்டுக் கணக்கு. எங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் ஐந்து வீடு, ஒரு முற்றம், ஒரு குழாய். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஐந்து வீட்டு மாவும் ஒரே வாணலியில் வேகும். அச்சு ஒரு வீட்டினுடையது, அடுப்பு இன்னொரு வீட்டினுடையது. ஒரு வீட்டுக்குச் சுட்டாலும் வாணலி நிறைய எண்ணெய் ஊற்றித்தான் ஆக வேண்டும். ஐந்து வீட்டுக்குச் சுடும்போது நடுநடுவே கொஞ்சம் ஊற்றினால் போதும். கடைசியில் வாணலியில் நிற்கும் மிச்ச எண்ணெயும் ஐந்து வீட்டுக்கு ஒரே ஒரு முறைதான் மிஞ்சுகிறது.

மிச்ச எண்ணெய் என்றவுடன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கறுத்துப்போன எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவதைச் சிக்கனம் என்று நினைப்பவர்கள் எங்கள் அணியில் சேர வேண்டாம். காயக் காய எண்ணெயில் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குத் தொடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி 2018 முதல் நடப்பில் இருக்கிறது. அதை அளக்கும் கருவி நம் வீட்டில் இல்லை, மூக்கு இருக்கிறது.

மூன்றாவதாகப் பேசிய தம்பி இன்னும் ஒரு படி மேலே போனார். கைவேலை என்பதே இப்போது கைப்பேசியில் காட்டுவதற்குத்தான் என்றார். காலி பாட்டிலுக்குச் சாயம் பூசி, ஜிகினா ஒட்டி, சணல் கயிறு சுற்றி வைக்கிறார்கள். பழைய பேப்பர் கடையில் போட்டால் ஒரு ரூபாய் பெறாத பாட்டிலுக்கு முந்நூறு ரூபாய்க்கு அலங்காரச் சாமான் வாங்குகிறார்கள் என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். ஒரு நிமிடம் அவர் கட்சிக்கே போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது. அது பொழுதுபோக்கு. நல்ல பொழுதுபோக்காகவும் இருக்கலாம். அதற்கும் சிக்கனத்துக்கும் சம்பந்தமில்லை.

நடுவர் ஐயா, என் கட்சி இதுதான். கடையிலிருந்து தொடங்கும் கைவேலை செலவு. மிச்சத்திலிருந்து தொடங்கும் கைவேலை சிக்கனம். வேலையைத் தொடங்கும்போது கையில் இருப்பது கடை பில்லா, குப்பைக்குப் போக இருந்த பொருளா என்று பாருங்கள்; அவ்வளவுதான் சோதனை.

இதோ, கையோடு கொண்டுவந்திருக்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா? மீன் கூடை. கடையில் ரோல் ரோலாக ஒயர் வாங்கி, சிவன் கண், நெல்லிக்காய் என்று முடிச்சுப் போடும் கூடை அல்ல இது. அது அழகு, என் அம்மா போடுவார். இது பார்சல் கட்டும் பிளாஸ்டிக் பட்டை. சவுகார்பேட்டைக் கிடங்குகளுக்கு வரும் பெட்டிகளைச் சுற்றி இறுக்கியிருப்பார்களே, பெட்டியைப் பிரித்தவுடன் அறுத்துத் தரையில் போடுவார்களே, அதே பட்டைதான். புடவைக் கட்டு எடுக்கப் போகும்போது கேட்டால் சும்மா கொடுப்பார்கள். "தாராளமாக எடுத்துக்கொண்டு போங்கள், இடம் காலியாகட்டும்" என்பார்கள்.

முதலில் நுனியில் இருக்கும் தகரக் கவ்வியை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் விரலைக் கிழிக்கும். பிறகு ஈரத்துணியால் துடைத்து, ஒரே நீளத்துக்கு நறுக்கி, நெடுக்கே பன்னிரண்டு பட்டை பரப்பி, குறுக்கே ஒன்று விட்டு ஒன்றாக நுழைக்க வேண்டும். அடி உட்கார்ந்தவுடன் நான்கு பக்கமும் நிமிர்த்தி மடித்து, சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டு மேலே ஏற வேண்டும். பட்டையில் முடிச்சு விழாது, வழுக்கும். அதனால் விளிம்புக்கு வந்ததும் நுனிகளை உள்பக்கமாக மடித்து, மூன்று கண் கீழே சொருகி இழுக்க வேண்டும். அந்தச் சொருகல்தான் கூடையின் உயிர். அதில் சோம்பினால் நான்காவது கிலோ மீனுக்குக் கைப்பிடி கையோடு வந்துவிடும். எனக்கு ஒரு முறை வந்தது, காசிமேட்டில், நடுச்சந்தையில்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்று அரசு இயக்கம் தொடங்கியது. நல்லது. காய்கறிக்கு மஞ்சப்பை போதும். அதில் ஒரு கிலோ சங்கரா மீனை வாங்கிப் பாருங்கள்! ஐஸ் தண்ணீர் புடவையில் வடியும், நாற்றம் ஏழு துவைப்புக்குப் போகாது. இந்தக் கூடையில் தண்ணீர் கண் வழியாகச் சந்தையிலேயே வடிந்துவிடும். வீட்டுக்கு வந்து குழாயடியில் ஒரு குடம் ஊற்றினால் தீர்ந்தது. குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டிய பட்டை எட்டு வருடமாக எனக்கு மீன் சுமக்கிறது.

காசிமேடு என்றவுடன் கருவாடு நினைவுக்கு வராமல் போகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் குறையும், விலை ஏறும். எங்கள் மாமியார் காசிமேட்டுப் பெண். மாசி, பங்குனியிலேயே ஏலத்தில் விலை போகாத பொடி மீனை அள்ளிவந்து, குடல் எடுத்து, கல்லுப்பில் ஒரு இரவு புரட்டி வைத்து, மொட்டை மாடியில் வலை விரித்துக் காயவைத்துவிடுவார். காகத்துக்குக் காவல் ஒரு பழைய கறுப்புக் குடை. தடைக்காலத்தில் பக்கத்து வீட்டில் மீன் விலையைச் சொல்லிப் பெருமூச்சு விடும்போது எங்கள் வீட்டில் மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு கொதிக்கும். வாசம் மூன்று வீடு தாண்டும். கேட்டு வருகிறவர்களுக்குக் கிண்ணத்தில் போகும். இதை வீண் சிரமம் என்று எதிரணி சொல்லுமானால், கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொல்லட்டும்.

"வீட்டில் செய்தால் கெட்டுப்போகும் ஆபத்து இருக்கிறதே, கெட்டால் அத்தனையும் நட்டம்தானே" என்றும் அண்ணன் கேட்டார். கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு நான் அதிரசம் சுட்டேன். ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். அரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி, கையில் ஈரம் ஒட்டும் பதத்தில் இடித்தேன். அதுவரை சரி. பாகில் கோட்டைவிட்டேன். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் அது கரையாமல் உருண்டு வர வேண்டும், எனக்கு வரவில்லை. வந்துவிட்டதாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டு மாவைக் கொட்டிக் கிளறிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் தட்டி எண்ணெயில் போட்டேன். போட்டது போட்டபடி பிரிந்து, வாணலி முழுக்கப் பழுப்பு நுரை.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிச்சமிருந்த மாவில் கனிந்த வாழைப்பழம் இரண்டைப் பிசைந்தார், ஒரு கை கோதுமை மாவு போட்டார், கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பணியாரக் கல்லில் ஊற்றினார். அந்தத் தீபாவளிக்குத் தெரு முழுக்க எங்கள் வீட்டிலிருந்து பணியாரம் போனது. "புது மருமகள் வித்தியாசமாகச் செய்திருக்கிறாள்" என்று பெயர் வேறு. கெட்டுப்போன மாவும் ஒரு மிச்சம்தான், ஐயா. கடையில் வாங்கின அதிரசம் சிக்கு வாடை அடித்துப் போனால் அதை எந்தக் கல்லில் ஊற்றுவீர்கள்?

இரண்டாவதாகப் பேசிய பேராசிரியர் அக்காவிடம் வருகிறேன். மற்ற இருவரும் கைதட்டல் வாங்கினார்கள். அக்கா என்னைத் தைத்தார். "சிக்கனம் சிக்கனம் என்கிறீர்களே, அந்தக் கணக்கில் வீட்டுப் பெண்ணின் நேரத்துக்கு என்ன விலை போட்டீர்கள்? பூஜ்யம்தானே?" என்று கேட்டார்.

அக்கா, எங்கள் ஊரில் கை நேரத்துக்கு விலை தெரியாதவர்கள் கிடையாது. அந்தக் காலத்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குத் துணி வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியேறியதால் வண்ணாரப்பேட்டை. அந்தப் பக்கம் திருவொற்றியூரில், ஆளுநர் ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்தியதால் காலெட்பேட்டை. அது நம் வாயில் விழுந்து காலடிப்பேட்டை ஆனது. இன்றைக்கும் எங்கள் தெருவில் சட்டைக்குக் காஜா எடுக்கிறவர்கள் எண்ணிக்கைக்குத்தான் கூலி வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான். ஒரு கூடைக்கு இரண்டு மாலை நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தில் நான்கு புடவைக்கு ஓரம் அடித்திருக்கலாம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். புடவை வந்திருந்தால் கூடையைத் தொடவே மாட்டேன். மார்கழியில் கல்யாணம் கிடையாது, குஞ்சம் கட்டப் பட்டுப் புடவை வராது. அப்போதுதான் பட்டையை எடுக்கிறேன். பொருள் மட்டுமல்ல, நேரமும் மிச்சமாக இருக்க வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, மாமியாருக்குப் பயந்து ஒரு பெண் முறுக்குச் சுற்றினால் அது சிக்கனம் அல்ல, சுரண்டல். அந்த இடத்தில் நான் உங்கள் அணி.

அதற்கு மருந்து கைவேலையை விடுவது அல்ல, கையை மாற்றுவது. இப்போதெல்லாம் கூடைக்கு அடி போடுவது என் மகன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். அவன் பட்டையோடு உட்கார்ந்த முதல் நாள் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது விளிம்பு சொருகக் கற்றுக்கொடுப்பதே அவர்தான். அதிரசத்துக்கு அரிசி இடிப்பது என் கணவர். பாகுக்கு மட்டும் பக்கத்தில் வர மாட்டார், அந்த முதல் தீபாவளியைப் பார்த்தவர் ஆயிற்றே.

மணி அடித்துவிட்டார்கள். இன்னும் ஒரு நிமிடம் ஐயா, பொன்னாடை பாக்கி இருக்கிறது.

நடுவர் ஐயா எத்தனை மேடை கண்டவர்! வீட்டு அலமாரியில் எத்தனை பொன்னாடை மடித்தபடி கிடக்கும் என்று நான் கேட்கவில்லை. முன்வரிசையில் உங்கள் வீட்டு அம்மா சிரிப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. அதை யாரும் உடுத்த முடியாது, துடைக்க முடியாது, ஈரம் உறிஞ்சாது. இன்னொருவருக்குப் போர்த்தலாம் என்றால், கொடுத்தவரே வந்து முன்னால் உட்கார்ந்திருப்பார். ஆனால் ஜரிகைக் கரையை வெளியே வைத்து, உள்ளே பழைய வேட்டித் துணி கொடுத்துத் தைத்தால் ஒரு பொன்னாடைக்கு இரண்டு திண்டு உறை வரும். வெட்டில் மிஞ்சும் ஓரத்தில் குழந்தைக்குச் சுருக்குப் பை. ஓரம் பிசிறடிப்பதால் முதலில் இரட்டைத் தையல் போட வேண்டும்.

தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் மூட்டையைக் கட்டிக் கொடுத்தனுப்புங்கள் ஐயா. அடுத்த மார்கழிக்குள் தைத்துத் தருகிறேன். கூலி மட்டும் கணக்காக வாங்கிக்கொள்வேன், அக்கா சாட்சி. வணக்கம்.