மீன்முள்ளும் கண்ணாடிச் செருப்பும்

வாசிகசாலையின் ஆண்டு விழாவுக்கு வந்திருக்கும் பெரியோர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சின்டரெல்லாவின் கதையைக் கேட்டால், பூசணிக்காய் வண்டியானதையும் நள்ளிரவு மணியையும் கண்ணாடிச் செருப்பையும் பிள்ளைகள் தவறாமற் சொல்வார்கள். இவை 1697இல் பிரான்சிலே சார்ல் பெரோ வெளியிட்ட கதையில் உள்ளவை. ஆனால் 1893இல் மேரியன் காக்ஸ் என்ற அம்மையார் இக்கதையின் 345 வடிவங்களைத் திரட்டி நூலாக்கினார். செருப்பைத் தொலைத்தால் பீடை தொலைந்தது என்று நல்லூர்க் கோவிலிலிருந்து வெறுங்காலோடு வீடு திரும்புகிற எனக்கு, அந்தச் செருப்பைவிட, தாயற்ற பெண்ணுக்குக் கைகொடுப்பது யார் என்ற கேள்வியே பெரிதாகப் படுகிறது.

9ஆம் நூற்றாண்டில் துவான் செங்ஷி என்ற சீன அறிஞர், தென்சீனக் குகைவாழ் மக்களிடையே பிறந்த தம் பழைய பணியாள் சொல்லக் கேட்டு ஒரு கதையை எழுதிவைத்தார். அதில் யே சியன் என்ற பெண், செந்நிறத் துடுப்பும் பொன்னிறக் கண்ணும் கொண்ட மீனொன்றைத் தன் உணவில் மிச்சம் பிடித்து வளர்க்கிறாள். சிற்றன்னையோ அவளுடைய சட்டையை அணிந்து, அவள்தான் வருகிறாள் என்று மீனை நம்பவைத்துக் கொன்று, சமைத்துத் தின்று, முள்ளை எருக்குவியலில் மறைத்துவிடுகிறாள். அந்த முள்ளை வணங்கியே பெண் ஆடையும் பொற்செருப்பும் பெறுகிறாள். அவளை மணந்த அரசன் பேராசையோடு கேட்டுக்கேட்டு வரம் வற்றிப்போகவே, முள்ளைக் கடற்கரையில் புதைக்கிறான். ஈற்றில் அலை அதைக் கொண்டுபோகிறது. கீரிமலையில் அஸ்தி கரைத்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை.

வியட்நாமிலும் மீன்முள்தான் உதவுகிறது. ஆனால் அங்கே கதை திருமணத்தோடு முடிவதில்லை: தந்தையின் திவசத்துக்கு வந்த மகள் பாக்குப் பறிக்கக் கமுகில் ஏற, சிற்றன்னை அடியில் நின்று மரத்தைத் தறிக்கிறாள். கமுகும் திவசமும் உள்ள எங்களூரிலேயே பிறந்த கதை என்று சொன்னாலும் நம்பலாம்.

ஜெர்மனியின் கிரிம் சகோதரர் 1812 முதல் வெளியிட்ட பதிப்புகளில், தாயின் புதைகுழிமேல் மகள் நட்ட மரமே ஆடை தருகிறது. புறாக்கள் சகோதரிகளின் கண்களைக் கொத்தும் முடிவு 1819இல்தான் சேர்ந்தது. பெரோவிடமோ தாய்க்கு ஒரு வரி மாத்திரமே உண்டு. மகளின் நற்குணம் அவளிடமிருந்து வந்ததாம். உதவிக்கு வருகிறவள் தேவதையான ஞானத்தாய். அரசவைக்கு ஏற்ற நயமான கதைதான், மறுக்கவில்லை; ஆயினும் இறந்தவள் பிள்ளையைக் கைவிடவில்லை என்ற ஆறுதல் அதிலே இல்லாமற் போயிற்று.

என் அம்மம்மா இக்கதையைத் தம் பள்ளிக்கால ஆங்கில வாசகப் புத்தகத்தில் படித்தவர். முற்றத்தில் பனம்பாயை விரித்து எங்களுக்குச் சொல்லும்போது பூசணிக்காய் திருக்கல் வண்டியாகும். நள்ளிரவில் கோவிற் சேமக்கலம் ஒலிக்கும். தேவதை மட்டும் வரமாட்டாள். தாய் நட்டுவிட்டுப்போன கிணற்றடி மாதுளையைப் பெண் கட்டிப்பிடித்து அழுவாள். மரம் சேலையை உதிர்க்கும். பின்னர் அந்தப் புத்தகத்தை நானே வாசித்து, மாதுளை எங்கே என்று கேட்டேன். வெற்றிலையை மென்றபடி அவர் சொன்னார்: "புத்தகத்திலை கிடக்கிறதுதான் வேணுமெண்டால், என்னட்டை ஏன் மேனை கதை கேக்கிறாய்?"