புகைபோக்கி இல்லாத பண்ணை வீட்டில் மூச்சு முட்டாதா?

சென்ற உரையைக் கேட்ட நேயர் ஒருவர், "பேலீஃப் பண்ணை வீட்டில் புகைபோக்கியே கிடையாது என்றீர்கள். நடுக்கூடத்தில் தீ மூட்டினால் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டாதா?" என்று கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வி என்னை மிகவும் மகிழ்வித்தது. ஏனென்றால், இத்தகைய வீடுகளின் வரலாற்றைச் சொல்வதே அந்தப் புகைதான்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேலீஃப், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சிடிங்ஸ்டோன் என்ற ஊரில் இருந்த ஓக் மரச்சட்ட வீடு. பவ் பீச் நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது, 1968-69இல் அதைச் சட்டம் சட்டமாகப் பிரித்தெடுத்து, மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டனில் உள்ள வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்தில் மீண்டும் எழுப்பினார்கள். பிற்காலத்தில் நுழைக்கப்பட்டிருந்த புகைபோக்கியையும் மாடித் தளத்தையும் விலக்கிவிட்டு, பழைய கூடத்தை மீட்டார்கள்.

அந்தக் கூடத்திற்கு மேலே மாடி இல்லை. தரையிலிருந்து கூரை உச்சி வரை ஒரே வெளி. இரு முனைகளில் மட்டுமே மாடியறைகள் உண்டு. தரை நடுவே எரியும் தீயின் புகை மேலே எழுந்து, கூரையடியில் தங்கி, ஓட்டு இடுக்குகள் வழியாக மெல்ல வெளியேறும். மனிதர்கள் அந்தப் புகைக்குக் கீழே வாழ்ந்தார்கள். சன்னல்களில் கண்ணாடி கிடையாது. மரக்கம்பிகளும் அடைப்புப் பலகைகளும்தாம். காற்று அசையாத நாளில் கண் எரிந்திருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை.

நான் திரும்பத் திரும்பச் சொல்வதை இன்றும் சொல்கிறேன்: பழைய வீட்டிற்குப் போனால் முதலில் கூரையைப் பாருங்கள். சுவரைப் பூசி மறைக்கலாம், சன்னலை மாற்றலாம். ஆனால் கூரை மரத்தில் ஏறிய கரியை யாரும் துடைப்பதில்லை. தடுப்புச் சுவரின் ஒரு பக்கம் கருத்து, மறுபக்கம் வெளுத்திருந்தால், கூடம் எங்கே முடிந்தது, அறை எங்கே தொடங்கியது என்பது அங்கேயே விளங்கிவிடும்.

உண்மையில், வீட்டின் வயதை எப்படி அறிகிறார்கள் என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். தச்சர்கள் ஓக்கை ஈரம் காயுமுன்பே இழைத்துப் பொருத்தினார்கள். ஆகவே மரம் வெட்டிய காலமே ஏறத்தாழ வீடு கட்டிய காலம். மரத்தில் ஆண்டுக்கு ஒன்றாக வளையம் வளரும். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் கிடைத்தால் வெட்டிய ஆண்டையே சொல்லலாம். அது செதுக்கப்பட்டுவிட்டால், வைரம் பாய்ந்த பகுதிக்கு வெளியே எஞ்சிய வெளுத்த பகுதியைக் கொண்டு கணிக்க வேண்டும். பேலீஃபின் கூடத்திற்கு 1405 முதல் 1430 வரை என்றும், கூடத்தின் ஒரு முனையில் பின்னர் கட்டிய அறைகளுக்கு 1505 முதல் 1510 வரை என்றும் கால வரம்பு சொல்லப்படுவது இதனால்தான்.

நேயரின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான விடை இந்த இரண்டு காலங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் புகையோடு வாழ்ந்த பிறகு, புதிய அறைகள் கட்டும் அளவுக்கு வசதி இருந்தபோதும், அந்த வீட்டார் கூடத்துத் தீயை நடுத்தரையிலேயே விட்டுவைத்தார்கள்.