நித்தியகல்யாணிச் சாறு குடிக்காதீங்க, ஈஸ்ட் கதையைக் கேளுங்க

வணக்கம் மக்களே! இன்னைக்கு உரக்கலவை வீடியோ போடுறதா இருந்தேன். அதைத் தள்ளி வச்சிட்டேன், ஏன்னா காலைல குடும்ப குரூப்ல ஒரு ஃபார்வர்டு. நித்தியகல்யாணி இலையை அரைச்சு வெறும் வயித்துல குடிச்சா சுகரும் போயிடும், கேன்சரும் போயிடுமாம். எனக்கு வந்த கோபம் இருக்கே!

அதுக்கு முன்னாடி ஒண்ணு. நேத்து நர்சரில இதே செடி ஒரு தொட்டி 150 ரூபா சொல்றாங்க. ஹைபிரிட்டாம், நடுவுல சிவப்புக் கண்ணு. சுடுகாட்டு ஓரமும் வாய்க்கால் ஓரமும் தானா முளைக்கிற செடிங்க இது!   வாங்கவே இல்ல. விதை ஒரு நெற்று போதும், நம்ம பழைய வீடியோ பார்த்தவங்களுக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வரேன். இந்தச் செடில நெஜமாவே கேன்சர் மருந்து இருக்கு, வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின்னு. குழந்தைங்களோட ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் ரொம்ப முக்கியம். ஆனா ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க 500 கிலோவுக்கு மேல காய்ஞ்ச இலை வேணும். ஏன் அவ்வளவு? அதோட ரெண்டு பாதியைச் செடி தனித்தனியா வச்சிருக்கு. கேதரான்தின்ங்கிற பாதி இலையோட மேல்மெழுகுல, விண்டோலின்ங்கிற பாதி உள்ளே செல்லுக்குள்ள. ரெண்டும் சேர்ந்தாத்தான் மருந்து.

இப்ப என்னைத் தூங்க விடாத விஷயம். 2022ல டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல ஜே கீஸ்லிங், மைக்கேல் யென்சன்னு ரெண்டு விஞ்ஞானிங்களோட குழு என்ன பண்ணுச்சுன்னா, இந்த ரெண்டு பாதியையும் ஈஸ்ட்ங்கிற நுண்ணுயிரைச் செய்ய வச்சுட்டாங்க. நான் பன்னு செய்யப் போடுறேன்ல, அதே இனம்! செடியோட 34 ஜீனை உள்ள வச்சு, ஈஸ்ட்டோட சொந்த ஜீன் பத்துல கை வச்சு, இதுக்கு 56 திருத்தம் தேவைப்பட்டுச்சு. ஒவ்வொரு செடி ஜீனும் ஒரு புரதத்துக்கான செய்முறை. அந்தப் புரதங்கள்தான் என்சைம், ஒண்ணு செஞ்சதை அடுத்தது வாங்கி மாத்தும், கிட்டத்தட்ட 30 படி. ஈஸ்ட்டோட சொந்த என்சைம் சிலது குறுக்க புகுந்து பாதி செஞ்ச பொருளைக் கெடுத்துடும், அதனால அதை எடுத்தே விட்டாங்க. கடைசியா ரெண்டு பாதியையும் வெளியில வேதியியல் முறைல சேர்த்தாங்க.

ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேன். அந்த 30 படில நடுவுல சில என்சைம் எதுன்னே பல வருஷம் பிடிபடல. 2018ல இங்கிலாந்துல சாரா ஓ'கானர் குழு கண்டுபிடிச்சுது. அது இல்லன்னா இது கிடையாது.

இப்ப அந்த ஃபார்வர்டுக்கு வரேன். 1950கள்ல கனடால ராபர்ட் நோபிள், சார்ல்ஸ் பீர்னு ரெண்டு பேர், ஜமைக்கால இருந்து வந்த இலையைச் சுகருக்குத்தான் சோதிச்சாங்க. எலிக்கு வாய் வழியா குடுத்தா சர்க்கரை குறையல. ஊசியா போட்டப்போ வெள்ளை அணு சரிஞ்சு, எலிங்க தொற்று வந்து செத்துச்சு. ரத்தப் புற்றுநோய்ல வெள்ளை அணு கட்டுக்கடங்காம பெருகும், அதைக் குறைக்கிற பொருள் இதுல இருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுது, அப்படித்தான் புற்றுநோய் மருந்தே கிடைச்சுது! வெள்ளை அணுவைக் குறைக்கிற செடியை, அளவும் தெரியாம தினம் அரைச்சுக் குடிக்கச் சொல்றீங்களே! இந்த மருந்தை டாக்டருங்களே மில்லிகிராம் கணக்குல அளந்து ரத்தக் குழாய் வழியா ஏத்துறாங்க. அப்பவும் கை கால் மரத்துப்போகுது. தயவுசெஞ்சு உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட சொல்லுங்க.

போன வீடியோ கமெண்ட்ல ஒருத்தர் கேட்டிருந்தார், ஈஸ்ட் வந்துட்டா நம்ம தென் மாவட்டத்துல இதைப் பயிர் பண்றவங்க கதி என்னன்னு. நல்ல கேள்வி. அந்த 2022 ஆய்வுல ஒரு லிட்டர் ஈஸ்ட் கரைசல்ல மைக்ரோகிராம் அளவுதான் கிடைச்சுது, அதனால இலை நாளைக்கே தேவையில்லாம போயிடாது. ஆனா மழை பொய்ச்சா இலை இல்ல, இலை இல்லைன்னா மருந்துக்குத் தட்டுப்பாடு. ஒரு குழந்தையோட மருந்து அதை நம்பி நிக்கக்கூடாது, அதுல எனக்கு ரெண்டு எண்ணமே இல்ல. விவசாயிகளுக்கு வேற வழி பேசணும், அதுக்குத் தனி வீடியோ போடுறேன். உரக்கலவை ஞாயித்துக்கிழமை.